ஆறாம் எண் பேருந்து

பத்தொன்பது வருஷம் உட்கார்ந்தே சம்பாதித்தேன்.
குவோப்பியோவில் ஆறாம் எண் பேருந்து:
பணிமனை, சந்தை, ஏரிக்கரை, ஆஸ்பத்திரி வாசல்,
திரும்ப ஏரிக்கரை.
நேற்று அதே வாசலில் பயணியாக ஏறி
கம்பியைப் பிடித்து நின்றபடியே வீடு வந்தேன்.
ஓட்டிய புதுப் பையன் கண்ணாடியில் பார்த்துச் சொன்னான்,
"இடம் காலியாத்தான் இருக்கு, இர்மெலி."
இருக்கட்டும் என்றேன்.

எல்லோரிடமும் முதுகு என்று சொல்லி வைத்திருக்கிறேன்.
முதுகு மரியாதையான இடம்.
முதுகுக்குப் பூங்கொத்து வரும்.
பௌத்திரத்துக்கு என்ன வரும்?

டாக்டர் காகிதத்தில் ஒரு சுரங்கம் வரைந்தாள்.
கூரையைத் திறந்துவிட்டோம், தைக்கவில்லை,
அடியிலிருந்து ஆறி மேலே வரவேண்டும்,
மேலே அவசரப்பட்டு மூடிக்கொண்டால்
உள்ளே மறுபடியும் சீழ் என்றாள்.
ஜன்னலுக்கு வெளியே நவம்பர்.
ஏரி மேலிருந்து உறையத் தொடங்கியிருந்தது.
அதற்கு யாரும் எதுவும் சொல்லவில்லை.

முதல் இரண்டு நாள் நான் சாப்பிடவே இல்லை.
சாப்பிட்டால் போகவேண்டுமே.
காபியை மட்டும் குடித்துக்கொண்டு
என்னவோ உடம்பை ஏமாற்றிவிட்டதாக இருந்தேன்.
மூன்றாம் நாள் உடம்பு கணக்குக் கேட்டது.
குளியலறைத் துவாலைக் கம்பி
சுவரோடு பெயர்ந்து என் கையில் வந்தது.
அவ்வளவுதான் சொல்வேன்.

அன்று மாலை
வெந்நீர்த் தொட்டியில் இடுப்பளவு கிடந்தபடி
பயத்துக்கும் பசிக்கும் ஒரு சமரசம் பேசினேன்.
எழுந்து துடைத்துக்கொண்டு
ஆளிவிதையை ஊறப்போட்டேன்.
உலர்ந்த பிளம் எட்டு, ஒரு கோப்பைத் தண்ணீரில்.
காலையில் பார்த்தால்
கிழவிகள் எட்டுப் பேரும்
கன்னம் உப்பி மினுமினுத்தார்கள்.

மேசையில் உட்கார முடியாது.
இஸ்திரிப் பலகையை நெஞ்சு உயரத்துக்கு ஏற்றினேன்.
அதுதான் இப்போது சாப்பாட்டு மேசை:
ஒரு மூலையில் ரை மாவுக் கஞ்சி,
ஆகஸ்டில் நானே பறித்து உறையவைத்த காட்டு நீலப்பழம்,
நடுவில் தண்ணீர் ஜாடி, கோடு போட்டது.
மதியத்துக்குள் இந்தக் கோடு, இருட்டுமுன் அந்தக் கோடு.
இருட்டுவதோ மூன்றரை மணிக்கு.
ஓட்டுகிற நாளில் நான் தண்ணீரே குடித்ததில்லை.
ஆறாம் எண் தடத்தில் கழிப்பறை
கடைசி நிறுத்தத்தில்தான்.
அடக்கினேன், அடக்கினேன்,
நல்ல ஓட்டுநர் என்று பேர் வாங்கினேன்.

வியாழக்கிழமை தௌனோ வந்தான்,
பணிமனையில் நேர அட்டவணை போடுகிறவன்.
கையில் பட்டாணி சூப், மூடிபோட்ட பாத்திரம்,
கக்கத்தில் செய்தித்தாள் சுற்றிய ஒரு பொதி.
"உன் முதுகுக்கு" என்று தன் காலணியைப் பார்த்துச் சொன்னான்.
பிரித்தேன். ஒரு மெத்தென்ற திண்டு.
ஓரத்தில் தையல் விட்டிருந்தது,
நடுவில் யாரோ நெடுநாள் உட்கார்ந்த பள்ளம்.

நான் அவனைப் பார்த்தேன்.
"எனக்கும் முதுகுதான்," என்றான். "போன பிப்ரவரி."

நான் சிரிக்கக் கூடாது. சிரித்தால் வலிக்கும்.
சிரித்தேன், வலித்தது,
பலகையைப் பிடித்துக்கொண்டு மறுபடி சிரித்தேன்.
நாற்காலியை இழுத்துக் கொடுத்தேன். அவன் உட்காரவில்லை.
பலகையின் அந்தப் பக்கம் நின்று
தன் கிண்ணத்தில் கடுகுத் துவையலைக் கலக்கினான்.
என் பக்கம் நீட்டினான்.
"இல்லை, உனக்கு வேண்டாம்," என்று தானே இழுத்துக்கொண்டான்.
"ஆறாவது வாரம் தொடு. நான் நாலாவதில் தொட்டேன்."
அதற்குமேல் அவனும் சொல்லவில்லை.

பலகையின் கால் லேசாக ஆடியது.
கீழே தெருவில் ஆறாம் எண்
நாலு நிமிஷம் தாமதமாகப் போனது.
இருவரும் கடிகாரத்தைப் பார்த்தோம்.
சூப் இன்னும் ஆறவில்லை.
ஊதி ஊதிக் குடித்தோம்.